சீஞ் நகரத்து ஆல்கா: ரேக்ளா நாட்டிலிருந்து ஒரு மதிப்புரை

குரோஷியாவின் தல்மேஷியக் கடற்கரையை விட்டு மலையேறி உள்நாட்டுப் பக்கம் போனால், ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், செட்டினா ஆற்றுப் பகுதியில் சீஞ் என்ற சிறு நகரம் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்து வார இறுதியில் அங்கே நடக்கும் ஆல்கா என்னும் குதிரைவீரர் போட்டியைப் பணம் செலவழித்துப் போய்ப் பார்க்கலாமா என்று பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் என்னைக் கேட்டவர்கள் பலர். நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது அந்த நாட்டு விடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் இருப்பதால், அவர்களைப் பார்க்கப் போகிற சாக்கில் இதையும் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு வீடுகளில் இருக்கிறது. போகலாம் என்பதே என் பதில். ஆனால் சுற்றுலாப் பயணிக்கென்று தயாரித்த காட்சியை எதிர்பார்த்துப் போகிறவர் மனத்தாங்கலோடுதான் திரும்புவார். ஆல்கா அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திக்கொள்ளும் போட்டி. வெளியூர்க்காரருக்கு ஓர் இருக்கை கொடுப்பார்கள். அதற்கு மேல் எதையும் அவருக்காக மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கணக்குப் புரியாமல் போய் உட்கார்ந்தால் குதிரை ஓடுவது மட்டுமே கண்ணில் படும். ஊரின் முக்கியத் தெருவில் அமைத்திருக்கும் ஓடுதளத்தின் நீளம் 160 மீட்டர். அதற்குக் குறுக்கே கட்டிய கயிற்றில், தரையிலிருந்து 3.32 மீட்டர் உயரத்தில், இரும்பு வளையம் ஒன்று தொங்குகிறது. போட்டிக்கே பெயர் கொடுத்த ஆல்கா அதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். வெளிவட்டத்தின் விட்டம் 131.7 மில்லிமீட்டர், உள்வட்டத்தின் விட்டம் 35.1 மில்லிமீட்டர், சிறிய எலுமிச்சம்பழம் ஒன்று நுழைகிற அளவுதான். இரண்டு வட்டங்களையும் மூன்று கம்பிகள் இணைப்பதால், நடுவட்டத்தைச் சுற்றி மூன்று அறைகள் உண்டாகின்றன. முழுப் பாய்ச்சலில் வரும் குதிரையின் மேலிருந்து, ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஈட்டியால் இந்த வளையத்தைக் குத்தி எடுத்துச் செல்ல வேண்டும். நடுவட்டத்துக்கு 3 புள்ளி, மேலறைக்கு 2, கீழே இரு பக்கமும் உள்ள அறைகளுக்குத் தலா 1. ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம் என்பதால் ஒருவர் எடுக்கக்கூடிய உச்சம் 9 புள்ளி. முடிவில் இருவரோ மூவரோ சமமாக நின்றால், ஒருவர் மிஞ்சும் வரை மறுபடியும் ஓட வேண்டியதுதான். வெல்பவரை ஸ்லாவோதோபித்னிக் என்று அழைக்கிறார்கள். அடுத்த ஆகஸ்டு வரை அந்த ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதை, பொள்ளாச்சிப் பக்கத்தில் முதல் பரிசு வாங்கிய காளைக்காரருக்குக்கூடக் கிடைக்காதது.

நடுவட்டம் குத்துப்பட்டால் "உ ஸ்ரீது!" என்று கூட்டம் முழங்குகிறது, காமிச்சக் என்ற பழைய கோட்டை மேட்டிலிருந்து மாச்குலா எனப்படும் சிறு வெடிகுழல்கள் அதிர்கின்றன, வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்குகிறது. ஈட்டி எதிலும் படாமல் போனால் "உ நிஷ்டா" என்ற அறிவிப்பு வரும், ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். வெளியூர்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய மொழி இந்த இரண்டு சொற்றொடர்கள்தான். தெருவின் இரு கோடிகளில் இருக்கை கிடைத்தவருக்கு வளையத்தில் எந்த அறை குத்துப்பட்டது என்று தெரிய வாய்ப்பே இல்லை. வளையத்தை வாங்கிப் பார்த்து நடுவர் குழு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டு வாங்கும்போது கயிறு கட்டிய இடத்துக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டு வாங்குங்கள். குதிரை புறப்படும் இடத்தின் அருகே உட்கார்ந்தால் குளம்படி ஓசையும் புழுதியும் நன்றாகக் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது.

என்னுடன் வந்தவர் பெரியப்பா மகன் அண்ணன். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயமான ரேக்ளாவுக்கென்றே காங்கேயம் காளைகளை வளர்ப்பவர். ஸ்ப்ளிட்டில் வேலை செய்யும் மகனைப் பார்க்க வந்த இடத்தில் என் வற்புறுத்தலுக்காகச் சீஞ் வரை வந்தார். நம் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவு உண்டு. நேரக் கணக்கில் நொடியின் பின்னத்தை வைத்து வெற்றி தோல்வி முடிவாகும். 160 மீட்டர் என்று கேட்டதும், இதென்ன பிரமாதம் என்ற முகத்தோடுதான் உட்கார்ந்தார். சில ஓட்டங்கள் முடிந்த பிறகு அவர் சொன்னது இந்தப் போட்டியைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களிலேயே தெளிவானது: "தம்பி, நம்ம வண்டியில ஓட்டறவன் மாட்டத்தான் பாக்கோணும். இந்த ஆளு குதிரையப் பாக்கவே இல்ல, வளையத்தத்தான் பாக்கறாரு. அப்படின்னா அந்தக் குதிரைக்குத் தானா நேர்க்கோட்டுல ஓடத் தெரியோணும். பழக்குனவனுக்குத்தான் பாதிப் பரிசு குடுக்கோணும்."

அவர் சொன்னதற்குப் பிறகு நானும் குதிரையைக் கவனிக்கத் தொடங்கினேன். இடக்கையில் கடிவாளம், வலக்கையில் ஈட்டி. புறப்படும்போது நிமிர்ந்திருக்கும் ஈட்டி, வளையத்தை நெருங்க நெருங்கத் தாழ்ந்து நேராகிறது. அந்தச் சில விநாடிகளில் குதிரை ஓரடி விலகினாலும் ஈட்டி முனை வளையத்தை விட்டு எங்கோ போய்விடும். மெல்ல வந்து குறிபார்த்துக் குத்தலாம் என்றால் விதி இடம் தராது. பாய்ச்சலில் வராத ஓட்டத்துக்கு மதிப்பில்லை. வேகமும் குறியும் ஒன்றுக்கொன்று பகை என்பதை வைத்தே ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள். ஓட்டங்களுக்கு இடையே நிறைய நேரம் சும்மா போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குதிரை ஓடி முடித்து, வளையம் சோதிக்கப்பட்டு, மறுபடி கட்டப்பட்டு, அடுத்தவர் புறப்படும் வரை வெயிலில் உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் போட்டி எதை நினைவுகூர்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், ஊர்வலத்தின் மதிப்பு பல மடங்கு கூடும். 1715 ஆகஸ்டில், வெனிஸ் குடியரசின் ஆளுகையில் இருந்த சீஞ் கோட்டையைப் பெரிய உதுமானியப் படை ஒன்று முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்கள் சுமார் எழுநூறு பேர் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகஸ்டு 15, மரியன்னை விண்ணேற்புத் திருநாளன்று முற்றுகை கலைந்தது. 1687-இல் பாஸ்னியாவின் ராமா பகுதியிலிருந்து பிரான்சிஸ்கன் துறவிகள் கொண்டுவந்த அன்னையின் ஓவியமே ஊரைக் காத்தது என்று சீஞ் மக்கள் நம்புகிறார்கள். அந்த ஓவியத்துக்கு வெற்றியின் நன்றியாகப் பொன்முடி சூட்டினார்கள். இன்றும் அதைத் திருக்கோயிலில் பார்க்கலாம். அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஆல்கா நடந்து வருகிறது. இத்தகைய வீரப் போட்டிகள் குரோஷியக் கரையோர நகரங்கள் பலவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடந்தன. மற்றவை மறைந்துபோக, மிஞ்சியிருப்பது சீஞ் மட்டுமே.

சித்தூரில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை புதிதாகப் படாது. கும்ப மாதத்தில் நம் பகவதி கோயிலில் நடக்கும் கொங்கன் படையும் இதே அமைப்புடையதுதானே: கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த கொங்கனின் போர் ஓலை வாசிக்கப்படுகிறது, போலிப் போர் நடக்கிறது, அம்மன் அருளால் ஊர் வெல்கிறது. கொங்கு வழிவந்த குடும்பங்கள் இந்தத் தாலுகா முழுக்க இருக்கின்றன. என் குடும்பமும் அதில் ஒன்று. தோற்றவனின் வம்சத்தில் பிறந்துகொண்டு வென்றவனின் திருவிழாவில் பொரி வாங்கித் தின்று வளர்ந்த எனக்கு, ஆல்கா ஊர்வலத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தோற்றவரை இவர்கள் எப்படி நடத்துகிறார்கள்?

அதற்கான விடை எடெக் என்ற குதிரை. ஊர்வலத்தில் எல்லாச் சேணமும் அணிகலன்களும் பூண்டு, மேலே ஆள் இல்லாமல், இரண்டு ஊழியர்கள் இருபுறமும் பிடித்து வர, அது நடந்து வருகிறது. உதுமானியத் தளபதியிடமிருந்து கைப்பற்றப்பட்ட குதிரையின் நினைவு அது என்பது மரபு. கேலிக்குரியதாக ஒன்றும் அதில் இல்லை. தலைவணங்கி இழுத்துவரப்படும் கைதியின் சாயலும் இல்லை. ஊர்வலத்திலேயே மிக அழகாக அலங்கரிக்கப்பட்டு வருவது அதுதான். வீரர்கள் அணிந்திருக்கும் ஆடையிலும் ஆயுதத்திலும்கூட எதிரியின் நாகரிகம் கலந்தே இருக்கிறது. நாம் நம் கொங்கனை இவ்வளவு மரியாதையோடு வரவேற்கிறோமா என்று எனக்கு இன்னும் ஐயம்தான், ஆனால் அதை வேறோர் இடத்தில் பேசலாம்.

ஊர்வலத்தின் மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னால் பழங்காலத் துப்பாக்கிகளும் இடைக்கச்சில் கைத்துப்பாக்கிகளும் தாங்கிய ஊழியர்கள், கேடயம் ஏந்துபவர், கதாயுதம் ஏந்துபவர்கள், கொடி, பிறகு குதிரைமேல் ஆல்கார்கள் எனப்படும் போட்டி வீரர்கள், அவர்களுக்குத் தலைமையாக வோய்வோடா என்ற தளபதி. ஆல்கார்களின் தலையில் கல்பாக் எனப்படும் ரோமத் தொப்பியும் அதில் வெண்ணிறக் கொக்கிறகும். ஆகஸ்டு வெயிலில் ரோமத் தொப்பி அணிந்து குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்களைப் பார்த்தாலே நமக்கு வியர்க்கும். துணியைத் தைப்பதும், வெள்ளி வேலைகளைப் பழுது பார்ப்பதும், ஆயுதங்களைத் துடைத்துப் பாதுகாப்பதும் அந்த வட்டாரத்து மக்களே செய்துவருகிறார்கள் என்பதால், நாடக சபையின் வாடகை உடுப்பு என்ற வாடை எங்கேயும் அடிக்கவில்லை.

2010-இல் யுனெஸ்கோ தன் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஆல்காவைச் சேர்த்தது. நம் கேரளத்தின் கோயில் கூத்தான முடியேற்று அதே ஆண்டில்தான் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், பட்டியல் தந்த விளம்பரத்தால் ஆல்கா உயிரோடு இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அதை உயிரோடு வைத்திருப்பது 1833-இல் எழுதப்பட்ட விதிநூலும், அதைக் கறாராகக் காத்துவரும் ஆல்கா வீரர் சங்கமும்தான். யார் குதிரை ஏறலாம், எந்த உடுப்பில் வர வேண்டும், எது புள்ளி, எது செல்லாத ஓட்டம், நடத்தை தவறினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. 1833-இல் அந்த ஊர் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அதன் பிறகு யுகோஸ்லாவியா வந்து போயிற்று, மன்னராட்சியும் பொதுவுடைமை ஆட்சியும் வந்து போயின, இப்போது குரோஷியக் குடியரசின் தலைவர் புரவலராக வந்து அமர்கிறார். மேடையில் உட்கார்ந்தவர்கள் மாறிக்கொண்டே இருக்க, வளையத்தின் கணக்கு மாறவில்லை.

நம் பக்கத்தில் இதை எண்ணிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியபோது, நம் ரேக்ளாக்காரர்களிடம் தொன்மை இருந்தது, கூட்டம் இருந்தது, காளை இருந்தது. காளைக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஊரே கையெழுத்திட்டு வைத்த ஒரு தாள் இல்லை. 2017-இல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் வந்து, மாநில எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே மாடுகள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, மேற்கே கேரளப் பக்கத்தில், சேற்றில் மாடு ஓட்டும் நம் கன்னுபூட்டு வயல்கள் வெறுமையாகவே கிடந்தன. விதிநூல் ஒன்று முன்பே இருந்திருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேசுவதற்கு நம்மிடம் ஏதாவது இருந்திருக்கும். அண்ணன் அருங்காட்சியகத்தில் விதிநூல் பற்றிய விளக்கத்தின் முன்னால் நின்ற நேரம், குதிரைகளின் முன்னால் நின்ற நேரத்தைவிட அதிகம்.

அதே விதிநூல்தான் ஆல்காவின் குறையும். சீஞ் நகரத்தையும் செட்டினா வட்டாரத்தையும் சேர்ந்த குடும்பங்களின் ஆண்கள் மட்டுமே போட்டியிடலாம். ஊர்க் கட்டுப்பாடு எனக்குப் புரிகிறது. காசு உள்ளவர் எவரும் குதிரையோடு வந்து ஏறலாம் என்று திறந்துவிட்டிருந்தால் இந்தப் போட்டி எப்போதோ வேறொன்றாக மாறியிருக்கும். பெண்களை விலக்கி வைப்பதற்கு மட்டும் அப்படியொரு நியாயத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆடை தைத்து, குதிரை பேணி, விருந்து சமைத்து, மூன்று நூற்றாண்டாக மரபைச் சுமந்தவர்களில் பாதிப்பேர் கயிற்றின் இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்பது உறுத்தலாகவே இருக்கிறது. நம் கோயில் மரபுகளைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் நாமும் நெளிவோம் என்பதால் குரலை உயர்த்தாமல் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தைப் போட்டிக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள், பின்னால் அல்ல. 1715 வெற்றியின் முந்நூறாம் ஆண்டான 2015-இல், ஆல்கார்களின் மாளிகை என்று அழைக்கப்படும் பழைய கட்டடத்தில் அதைத் திறந்தார்கள். ஊர்வலம் முழுவதையும் ஆளுயர, குதிரையுயர உருவங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். தெருவில் உங்களைக் கடந்து இமைப்பொழுதில் போய்விடும் வேலைப்பாடுகளை, ஒவ்வொரு பொத்தானாக நின்று பார்க்க இங்கே முடியும். ஆண்டு முழுவதும் போகக்கூடிய இடம் இது. ஆகஸ்டில் விடுப்புக் கிடைக்காத பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், இதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் பேருந்துக் கட்டணம் வீணில்லை.

சேவை என்று பார்த்தால் எங்கள் வருத்தமெல்லாம் இடைத்தரகரோடுதான். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயண முகவர், விளக்கம் சொல்ல ஆள் வருவார், நல்ல இருக்கை, மதிய உணவு என்று எல்லாம் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு, எங்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டு மாலையில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். விளக்க ஆளும் வரவில்லை, இருக்கையும் தெருவின் கோடியில்தான். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், ஓட்டத்துக்கு ஓட்டம் விரலால் புள்ளி காட்டி எங்களுக்குக் கணக்குப் பழக்கினார். ஸ்ப்ளிட்டிலிருந்து சீஞ் போகச் சாதாரணப் பேருந்துகளே இருக்கின்றன. சீட்டைப் போட்டி நடத்துபவர்களிடமே நேரடியாக வாங்கிக்கொண்டு, முகவர் இல்லாமல் போவதே நல்லது.

உணவைப் பற்றி ஒரு வரி. அந்த ஊரின் பெருமை அரம்பாஷிச்சி என்ற பண்டம்: பொடியாக நறுக்கிய இறைச்சியைப் பட்டை, கிராம்பு போன்ற மசாலாவோடு பிசைந்து, புளித்த முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி, நெடுநேரம் வேக வைக்கிறார்கள். பட்டையும் கிராம்பும் இருப்பதால் நம் நாக்குக்கு அந்நியமாகப் படாது. காரம் மட்டும் இல்லை. மாட்டிறைச்சி சேர்வது என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். சைவ உணவுக்காரர்கள் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று சமாளிக்க வேண்டியிருக்கும்; கையில் கொஞ்சம் புளிக்காய்ச்சல் இருந்தால் நலம்.

எந்த நாளில் போவது என்பதுதான் மிஞ்சியிருக்கும் கேள்வி. போட்டி மூன்று நாள் நடக்கிறது: வெள்ளிக்கிழமை பாரா, சனிக்கிழமை சோயா, ஞாயிற்றுக்கிழமை ஆல்கா. முதல் இரண்டும் முன்னோட்டப் போட்டிகள் என்றாலும் வளையம் அதேதான், புள்ளிக் கணக்கும் அதேதான், ஓடும் வீரர்களும் அவர்களே. ஞாயிறன்று குடியரசுத் தலைவர், அமைச்சர்கள், தொலைக்காட்சி, பாதுகாப்புக் கெடுபிடி என்று எல்லாம் சேர்ந்து, நெரிசலில் பாதிப் பார்வை மறைந்துவிடுகிறது. முழு அலங்காரத்தோடு ஊர்வலத்தையும் எடெக் குதிரையையும் பார்க்க வேண்டுமானால் ஞாயிறுதான். ஆட்டத்தை மட்டும் ஆற அமரப் பார்க்க விரும்புகிறவர், ரேக்ளா, கன்னுபூட்டு என்று மண்ணோடு பழகியவர், வெள்ளியோ சனியோ போனால் கயிற்றுக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கலாம். இரண்டு நாள் கிடைத்தால் சனியும் ஞாயிறும். ஒரு நாள்தான் என்றால் என் தேர்வு சனிக்கிழமை. அண்ணன் இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை, எடெக்கைப் பார்க்காமல் எப்படி என்கிறார்.

2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து குரோஷியா ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டதால், ஷெங்கன் விசாவே போதும். பழைய குனா நாணயத்தை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் நேர் விமானம் கிடையாது, இடையில் மாறித்தான் போக வேண்டும். ஆகஸ்டு அந்தக் கடற்கரை முழுவதற்குமே சுற்றுலா உச்சகாலம் என்பதால் ஸ்ப்ளிட்டில் அறை வாடகை எகிறும்; பிள்ளைகளின் அறையில் தங்க முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக்கொண்டு, காலைப் பேருந்தில் சீஞ் போய், தொப்பியும் தண்ணீரும் கையில் வைத்துக்கொண்டு, போட்டி தொடங்குவதற்கு வெகு முன்பே இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுங்கள்.